நோன்புப் பகலில் ஏறிய கோடு

மீராமுகைதீன் ஹாஜியார் கைப்பேசியை நீட்டினார். கல்முனையில் அவருடைய சாரிக் கடைக்குக் கரண்ட் கண்காணிப்புக் கருவி பூட்டியவள் ஷாஹினா. எந்த அறை எவ்வளவு இழுக்கிறது என்று அது கைப்பேசியில் கோடு கீறிக் காட்டும்.

“நோன்பு நாள் புள்ள. நாங்க லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போற நேரம் பின்னறையில கரண்ட் ஏறுது. அங்க கிடக்கிறது தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல். கடையில நிக்கிறது பஸால். பெருநாள் முடியக் கலியாணம். களவாத் தேத்தண்ணி குடிக்கிறவனுக்கு என்ட மகளக் குடுக்க ஏலா.”

பில்லைக் குறைக்கப் பூட்டிய கருவி இப்போது மருமகனைக் குறைக்கப் பார்க்கிறதே என்று நினைத்துக்கொண்டான் துசாந். அவன் ஷாஹினாவோடு வயர் இழுக்கிறவன். துப்பறியும் ஆசை அதைவிட அதிகம். பின்னறைக்குள் முதல் ஆளாய்ப் பாய்ந்தான்.

“அக்கா, கேத்தலுக்குள்ள சிலந்தி குடியிருக்கு.”

பக்கத்து மேசையில் ஒரு போர்வை விரித்திருந்தது. அதன் மேல் மூன்று கலியாணச் சாரிகள். நடுச் சாரியைத் தொட்டவன் விரலை உதறினான். முத்துத் தலை வைத்த ஊசி ஒன்று மடிப்புக்குள் இருந்தது.

ஷாஹினா சாரிகளைத் தடவினாள், கோட்டைப் பார்த்தாள், பிறகு எல்லாரையும் கூப்பிடச் சொன்னாள். பஸால் வந்தான். கடைக்கு மேலேயே வீடு. ஹாஜியாரின் மகள் றிஸ்னாவும் இறங்கி வந்தாள்.

“கேத்தல் ஒரே மூச்சில ஏறும், கொதிச்சா ஒரேயடியா நிக்கும். இது ஏறி இறங்கி, திரும்ப ஏறி இறங்கிக் கிடக்கு. சூடு குறைஞ்சா இழுக்கிறதும் கூடினா விடுறதும் இவர்ட குணம்,” என்று மேசைக்கு அடியிலிருந்து துணி தேய்க்கும் அயன் பெட்டியை எடுத்து வைத்தாள் ஷாஹினா. “புதுச் சாரியில மடிச்சு வந்த தடம் இருக்கும், ஹாஜியார். இந்த மூண்டிலயும் அயன் பண்ணி அது அழிஞ்சிருக்கு. ஆரோ உடுத்துக் கழட்டியிருக்காங்க.”

“ஆர்?”

துசாந் ஊசியை உயர்த்திப் பிடித்தான். ஹாஜியார் அதைப் பார்த்தார். பிறகு மகளின் முக்காட்டில் குத்தியிருந்த அதே முத்து ஊசிகளைப் பார்த்தார்.

“மேல கொண்டு போய் உடுத்துப் பாத்தன் வாப்பா,” என்றாள் றிஸ்னா. “கேட்டா நீங்க விலை போகாத சாரியத்தானே தருவீங்க.”

“கசங்கினத நான் அயன் பண்ணி வச்சன் மாமா,” என்றான் பஸால். “நோன்பு பத்திரமாக் கிடக்கு.”

பேரத்தில் தோற்ற வியாபாரியின் முகம் ஹாஜியாருக்கு. உதடு மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் கோணியது.

“உடுத்த சாரியப் புதுசெண்டு விக்க ஏலா. மூண்டும் உனக்குத்தான் மகள்,” என்றவர் பஸாலின் பக்கம் திரும்பினார். “சீதன வீட்ட அவள்ட பேருக்கு எழுதியாச்சு. இந்த அயன் பெட்டிய உன்ட பேருக்கு எழுதுறன்.”