காப்பகத்தில் விட்ட விசுவாசம்

பருவத்தின் முதல் திங்கட்கிழமை வந்தாலே கல்லூரி உணவகக்காரர்களுக்குத் தலைவேதனை. வெள்ளிக்கிழமை வரை பிரியாணிக்கு அடித்துக்கொண்டவர்கள் அன்று முட்டையைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். போன பருவம் சமணனாக இருந்து வெங்காயத்தைக்கூடத் தொடாதவன் இப்போது மீன் வறுவலுக்குத் தட்டை நீட்டுவான். சமய ஒப்பியல் இளங்கலை மாணவர்கள் நம்பிக்கை மாற்றிக்கொள்ளும் நாள் அது.

தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் கண்ணை மூடினால் போதும். எழும்போது ஒரு சமயம் நெஞ்சில் இறங்கியிருக்கும். படித்துத் தெரிந்ததாக அல்ல, பிறந்ததிலிருந்தே நம்பியதாக. நான்கு பருவத்துக்கு நான்கு சமயம். ஐந்தாவதில் எதுவும் கிடையாது. வெறும் நெஞ்சோடு உட்கார்ந்து நான்கையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். தேறினால் சமய நடுவர் உத்தியோகம் நிச்சயம். ஊருக்கு ஊர் வழிபாட்டுத் தகராறு இருந்த காலம், நடுவர்களுக்கு அத்தனை கிராக்கி.

குமரிக் கடற்கரையில் விசைப்படகு ஓட்டிய மிக்கேலின் ஒரே மகள் பிரகாசி. எல்லோரையும் போல அவளும் சேர்ந்த அன்றே பிறவி நம்பிக்கையைக் கழற்றிக் காப்பகத்தில் கொடுத்துவிட்டாள். உள்ளங்கையளவு சிமிழில் அடைத்து, மேலே அவள் பெயரை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். பட்டம் வாங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். நடுவில் கேட்டாலும் தருவார்கள், ஆனால் படிப்பு அத்தோடு போயிற்று.

ஐந்தாம் பருவம், ஆய்வேடு கொடுக்க எட்டு நாள் இருக்கையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மிக்கேலின் நுரையீரல் இனித் தாங்காது, மகள் பக்கத்திலிருந்து ஜெபமாலை சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்றார்கள். பிரகாசி காப்பகத்து வாசல்வரை போனாள். கால் மணி நேரம் நின்றாள். இரண்டரை வருடப் படிப்பை நினைத்தாள். பிறகு சிமிழைக் கேட்காமலே போய் பஸ் ஏறிவிட்டாள். வெறும் நெஞ்சுக்கு அது பெரிய தவறாகவும் படவில்லை.

மிக்கேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒனக்க விசுவாசத்த வாங்கிட்டு வந்தியா மக்ளே?"

"வாங்கிட்டேன்ப்பா."

அவர் முகம் தெளிந்தது. அவள் ஜெபமாலை மணியை உருட்டினாள். பத்துப் பத்து மணியாக, ஒரு சொல் பிசகாமல் ஐந்து பத்தும் சொல்லி முடித்தாள். நான்காவது பத்தில் அப்பாவின் மூச்சு மணியின் வேகத்துக்கு இசைந்து வருவதைக் கவனித்தாள். கடைசிப் பத்தில் மூச்சு நின்றது. களக்குறிப்பு எடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மற்றச் சமயங்களின் மணிமாலைகளோடு ஒப்பிட்டு அதையே ஆய்வேட்டின் கடைசி இயலாக்கினாள். அந்த ஆண்டின் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். களக்குறிப்பு அபாரம் என்று பேராசிரியர்கள் எழுதியிருந்தார்கள்.

பட்டமளிப்பு முடிந்ததும் காப்பகத்துக்குப் போனாள். அலுவலர் வேதவல்லி சிமிழைத் திறந்து தலைப்பட்டையில் பொருத்தினாள். இருபது நிமிடம்.

பதினேழு வயதில் விட்டது விட்டபடியே திரும்பி வந்தது. மோட்சம் உண்டு, அப்பா அங்கே இருக்கிறார் என்று அவள் சந்தேகமில்லாமல் நம்பினாள். அங்கே போனவர்களுக்கு எதுவும் மறைவில்லை என்பதையும் நம்பினாள். அப்படியானால் அப்பாவுக்கு இப்போது தெரியும். ஐந்து பத்தும் யாருக்கும் சொல்லப்படாத வெறும் சத்தம் என்று தெரியும்.

பிரகாசி நாற்காலியிலேயே குறுகிப்போய் வாய்விட்டு அழுதாள். பாவசங்கீர்த்தனம் செய்தால் சாமியார் பொய்யை மன்னித்துவிடுவார். சொல்லாத ஜெபத்தை அவரால் சொன்னதாக்க முடியுமா?

வேதவல்லிக்கு இது புதிதல்ல. தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"முதுகலையில சேர்ந்தா இத மறுபடி வாங்கி வச்சுக்குவோம்மா. இந்தப் படிப்புல முதுகலைக்கு லேசுல எடம் கெடைக்காது, தெரியுமா? பாதிப் பேர் இந்த நாற்காலியிலேர்ந்தே சேர்றாங்க."

விண்ணப்பம் மேசைமேல் தயாராக இருந்தது. பிரகாசியின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது. பிறகு அதே கை பேனாவை எடுத்தது.