கடைசிக் குடம்

விடிந்தால் போதும், துறைமுகத் தெருக் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டிவிடும். ஆள் நிற்கத் தேவையில்லை, குடம் நின்றால் போதும். அடுத்தவர் குடத்தை யாரும் தொடக் கூடாது. அது அந்தத் தெருவின் சட்டம்.

இராசமலரின் குடத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது.

"இது இங்க நிக்கத் தேவையில்ல" என்று அயல்வீட்டு ஆமினா உம்மா அதைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்தார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் தங்கள் குடங்களை அதற்கு முன்னால் வைத்தார்கள். ஏழு மணிக்குக் குழாய் நின்றுவிடும். இராசமலர் தினமும் வெறுங்குடத்தோடுதான் வீட்டுக்குப் போவாள். வீட்டில் அவள் அம்மா குழந்தை பெற்றுப் படுத்திருந்தார். கிணற்றிலோ உப்புத் தண்ணீர்.

எல்லாவற்றுக்கும் காரணம் மூன்று வருடத்துக்கு முந்திய வேலைநிறுத்தம். கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்தவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். தெருவே பட்டினி கிடந்தது. அந்தத் தெருவில் இராசமலரின் அப்பா யோகலிங்கம் மட்டும் பாதியில் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வேலைநிறுத்தம் தோற்றது. அதை முன்னின்று நடத்திய ஆதம்பாவாவுக்கு வேலை போனது. பிறகு கரிக் கப்பல்களே வராமல் போய், யோகலிங்கத்துக்கும் வேலை போனது. தெருவின் கோபம் மட்டும் போகவில்லை. வேலைநிறுத்தத்தை உடைத்தவர் என்பதால் அவருக்குக் 'கருங்காலி' என்றே பெயராகிவிட்டது.

ஆதம்பாவாவின் மகள் ஸுல்பிகா, இராசமலரின் வகுப்புத்தான். ஒருநாள் காலை அவள் தன் குடத்தைக் கொண்டுபோய் இராசமலரின் குடத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"உனக்கென்ன விசரா புள்ள?" என்றார் ஆமினா உம்மா.

"அவ எனக்கு முந்தி வந்தவ."

ஆமினா உம்மா இராசமலரின் குடத்தை இன்னும் பின்னால் தள்ளினார். ஸுல்பிகாவும் தன் குடத்தை அதற்குப் பின்னால் நகர்த்தினாள். தள்ளித் தள்ளி இரண்டு குடமும் சாக்கடைக் கானோரத்துக்கே வந்துவிட்டன. ஏழு மணிக்குக் குழாய் நின்றது.

"தண்ணி எங்க?" என்று வீட்டில் வாப்பா ஆதம்பாவா கேட்டார். ஸுல்பிகா நடந்ததைச் சொன்னாள்.

"கருங்காலிட குடத்துக்குப் பின்னாலயா வெச்ச?"

"குடமும் கரி சுமக்கப் போனதா வாப்பா?"

வாப்பா, அடுப்படியில் நின்ற அவள் உம்மாவின் காதைக் காட்டினார். பட்டினி நாளில் விற்ற தோட்டுக்குப் பதிலாக அதில் இன்னும் ஈர்க்குத்தான் செருகியிருந்தது.

"இதப் பாத்துட்டுக் கதை."

ஸுல்பிகாவுக்கு அழுகை வந்தது. அந்தக் காதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கும் மனம் கசந்துதான் போகும்.

"பாத்துட்டுத்தான் சொல்றன். நாளைக்கும் அங்கதான் வெப்பன். அவள்ட தம்பி அப்ப பிறக்கவே இல்லயே வாப்பா."

அன்று முழுவதும் உப்புத் தேநீர்தான். வாப்பா ஒவ்வொரு மிடறுக்கும் முகத்தைச் சுளித்தார்.

மறுநாள் வாப்பாவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இராசமலரின் குடத்துக்குப் பின்னால் வைத்தார். வழக்கம்போல இராசமலரின் குடத்தைத் தூக்க ஆமினா உம்மா குனிந்தார்.

"வெச்ச இடத்தில இருக்கட்டும்" என்றார் வாப்பா.

ஆமினா உம்மா கையை எடுத்துக்கொண்டார்.

தன் வீட்டு வேலியோரம் நின்ற யோகலிங்கம் ஓரடி முன்னால் வந்தார். "ஆதம்பாவா அண்ணை..."

வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். யோகலிங்கம் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

நிறைந்த குடங்களோடு இரண்டு சிறுமிகளும் திரும்பினார்கள்.

"உன்ர வாப்பாவுக்கு எங்களில இன்னும் கோவமோ?" என்று இராசமலர் மெதுவாகக் கேட்டாள்.

"ஓம். நல்லாக் கோவம்."

"பிறகேன் என்ர குடத்துக்காகக் கதைச்சவர்?"

"உப்புத் தேத்தண்ணி அவருக்கு ஏலாதாம்."

இராசமலர் சிரித்தாள். தண்ணீர் தளும்பி இருவரின் பாவாடையும் நனைந்தது.