மூச்சு விழுந்த பாட்டில்கள்

காலை பத்து மணிக்கு வார்த்த கண்ணாடி வில்லையில் பதினான்கு குமிழிகள் இருந்தன. அதில் ஒன்று அசைந்தது. உலையின் உறுமலும் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் கிலுகிலுப்பும் சுட்ட மணலின் வாசனையும் எப்போதும்போல அறையை நிறைத்திருக்க, இறுகிப்போன கண்ணாடிக்குள் அது மெல்ல ஊர்ந்து வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றது.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். தூங்காத கண் என்னத்தையாவது காட்டும்.

அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மணிக்கொரு தடவை உருகிய கண்ணாடியில் ஒரு கரண்டி அள்ளி, வில்லையாக வார்த்து ஆறவைத்து, குமிழி எண்ணுவது பதினோரு வருஷமாக அவள் வேலை. குமிழியை அங்கே மூச்சு என்பார்கள். "இன்னைக்கு எத்தனை மூச்சு விழுந்துச்சு, பூதக்கண்ணாடி?" என்று உலைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். நாற்பது நாளாக ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நாற்பது நாளுக்கு முன் உலைக்குள் விழுந்தவன் அவள் தம்பி. அன்று மணல் உருகாமல் கட்டியாக நின்றது. "எட்டிப் பாத்துட்டு வாடா" என்று அனுப்பியது அவள்தான். உலையை அணைக்கவில்லை. அணைத்தால் கண்ணாடி உறைந்து உலையே பிளந்துவிடும் என்றார்கள். அது அவளுக்கும் தெரியும், அதுதான் கொடுமை. மேலே அவள் தலையில் அடித்துக்கொண்டு கதற, கீழே பாட்டில்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அன்றிலிருந்து மூச்சு குறையவேயில்லை. ஏனென்று யாருக்கும் புரியவில்லை.

வில்லையைத் தொட்டாள். சூடு. ஆறிய வில்லை சுடுமா? முகத்தருகே கொண்டுபோனாள். கிராம்பு வாசனை. பல்வலிக்காக அவன் கடைவாயில் எப்போதும் அடக்கியிருந்த கிராம்பு.

"அக்கா, சுடுதுக்கா."

ஐயோ.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது மூச்சுக்கு மேல் போனால் சீட்டில் சிவப்பு முத்திரை குத்துவாள். அந்த மணி நேரத்துப் பாட்டில்களை நொறுக்கி, மணலோடு கலந்து, திரும்பவும் உலைக்குள் கொட்டுவார்கள். நாற்பது நாளும் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை, நாற்பது நாளும், தன் கையாலேயே.

பச்சை முத்திரையை எடுத்துக் குத்தினாள். பதினொரு மணி வில்லையில் முப்பது மூச்சு. பச்சை. பன்னிரண்டு மணிக்கு எண்ணவேயில்லை. பச்சை. போயிடுடா கண்ணு. யார் வீட்டு அலமாரியிலாவது குளுகுளுன்னு இரு.

ஒரு மணிக்கு சூப்பர்வைசர் கையில் ஒரு பாட்டிலோடு வந்தார். அன்று அவளைத் தாங்கிப் பிடித்தவர். நல்ல மனிதர்.

"என்னம்மா இது, சல்லடை மாதிரி இருக்கு? உன் பச்சையப் பாத்தா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேனே!"

"அனுப்பிடுங்க சார். உங்க கால்ல விழறேன்."

"மனசு சரியில்ல, புரியுது. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் படும்மா. காலையிலேருந்து வந்ததையெல்லாம் நொறுக்கச் சொல்லிட்டேன்."

ஓடினாள். படிகள். கைப்பிடியின் சூடு. நொறுக்கும் இயந்திரம் ஓய்ந்திருந்தது. வேலை முடிந்துவிட்டது. ஓடும் பட்டையில் கண்ணாடித் துண்டுகள் குவியல் குவியலாக உலைவாசலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.

ஒரு துண்டு முனகியது. பிறகு பக்கத்துத் துண்டு. பிறகு எல்லாம்.

நொறுக்கியதில் அவன் சாகவில்லை. ஒருவன் ஆயிரம் பேராகியிருந்தான். ஆயிரமும் தனித்தனியாகப் பயந்தன. ஆயிரமும் அவளை அடையாளம் கண்டுகொண்டன.

"அக்கா, வேணாம்க்கா. அக்கா."

பட்டைமேல் பாய்ந்து அள்ளினாள். உள்ளங்கை கிழிந்தது. மடியில் போட்டாள், மறுபடி அள்ளினாள். இரண்டு கையில் எவ்வளவுதான் கொள்ளும்? மீதியெல்லாம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே, ஒவ்வொன்றாக, உள்ளே விழுந்தன.