நான்காவது மாடியில் ஒரு கூட்டம்

அப்பாவின் செல்போன் அபாயச் சங்கு மாதிரி அலறியது. அந்த ஜூலையில் அது அலறியது ஐந்தாவது முறை. அரசாங்கம்தான் செய்தி அனுப்பியிருந்தது. ‘சிவப்பு எச்சரிக்கை. கடும் வெப்பம். வெளியே போகாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள்.’

சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். வீட்டுக்குள் முப்பத்தேழு டிகிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம்! இதை எழுதியவர் எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை.

என் பெயர் ஸ்மாரண்டா. வயது பதினொன்று. ருமேனியாவின் தெற்குச் சமவெளியில் ஒரு சின்ன நகரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான்காவது மாடியில் இருக்கிறோம். எங்களுக்கு மேலே வேறு வீடு கிடையாது. கூரைதான். அதன்மேல் கறுப்புத் தார், என் அப்பா பிறப்பதற்கு முன்னால் பூசியது. அந்தக் காலத்தில் கொளுத்தும் வெயில் இரண்டு வாரம் வந்துவிட்டுப் போய்விடுமாம். இப்போது ஜூனில் வந்தால் செப்டம்பரில்தான் கிளம்புகிறது. பகல் முழுக்க அந்தத் தார் வெயிலைக் குடிக்கும். இரவு முழுக்க அதை எங்கள் தலையில் கொட்டும்.

ஏசி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். மின்சார விலை ஏறாமல் பிடித்து வைத்திருந்த சட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது. விலை இரண்டு மடங்கு ஆயிற்று. அப்பாவின் சம்பளம் ஆகவில்லை. அப்பா ரொட்டி ஆலையில் வேலை செய்கிறார். “பகல்ல அடுப்புக்கு முன்னால நிக்கறேன், சாயங்காலம் அடுப்புக்குள்ளயே வந்துடறேன்” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

எங்களுக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில், அக்லாயா அத்தை வீட்டில் ஏசி உண்டு. உள்ளே அவருக்குக் குளிர்காற்று. வெளியே தொங்கும் பெட்டியின் அனல் எங்கள் ஜன்னலுக்கு. அத்தை ஏசியையும் போட்டுக்கொள்வார், காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று சால்வையையும் சுற்றிக்கொள்வார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். துதோர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

துதோர் என் தம்பி. ஐந்து மாதக் குழந்தை. அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் அவன் பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. துணி காலையிலிருந்து நனையவே இல்லை. துவண்ட கீரை மாதிரி அம்மா தோளில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். இரண்டு நாளில் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் எங்கள் வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

“நோய் குழந்தைக்கு இல்லம்மா, உங்க வீட்டுக்கு. ஆனா வீட்டுக்கு என்னால மருந்து எழுத முடியாதே. வீடு குளிர்ற வரைக்கும் அங்க இவனத் தூக்கிட்டுப் போகாதீங்க.”

அன்றைக்கே அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கத்து ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார். தொட்டிலையும் கழற்றிக் கொண்டுபோனார். அது இருந்த இடத்தில் தரையில் நான்கு வெள்ளைத் தடங்கள் மட்டும் இருந்தன.

அப்பா நகராட்சிக்கு மனு எழுதினார். கட்டடத்துக்கு வெப்பம் ஏறாத உறை போடும் திட்டம் ஒன்று இருந்தது. கூரைக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டிருந்தார். உடனே ஒரு அதிகாரி வந்துவிட்டார், அதுவரை சந்தோஷம். காலை எட்டு மணிக்கு வந்தார். கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், குளுகுளு நிழலில் நின்று கருவியை நீட்டினார். இருபத்தாறு டிகிரி. ‘சாதாரணம்’ என்று எழுதிக்கொண்டார்.

நான் மேலேயிருந்து ஓடி வந்தேன். “சார், மேல வந்து அளங்க சார்.”

“லிஃப்ட் இருக்கா பாப்பா?”

“இல்ல சார்.”

“அப்ப இதுவே போதும். எல்லாம் ஒரே கட்டடம்தானே” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

‘ஒரே கட்டடம்தானே’ என்பதை அன்றைக்கு மத்தியானம் முழுக்க நினைத்து நினைத்துக் கொதித்தேன். அப்புறம்தான், சரி, ஒரே கட்டடம்தானா என்று பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை வாசல் கதவில் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டப்படும். ஒன்றிலிருந்து இருபது வரை வீட்டு எண்கள். அவரவர் வீட்டுத் தண்ணீர் மீட்டரில் என்ன காட்டுகிறதோ, அதை அவரவரே எழுதிவிட வேண்டும். பேனா நூலில் தொங்கும். கதவில் கட்டம் போட்ட தாளைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. எதற்கு, யார் ஒட்டியது என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

நான் அளவுகோல் வைத்து ஒழுங்காகக் கட்டம் போட்டேன். மேலே ‘வீட்டுக்குள் வெப்பநிலை, மாலை 5 மணி’ என்று எழுதினேன். எங்கள் எண்ணுக்கு நேராக 37 போட்டேன். ஒட்டினேன்.

இரண்டே நாளில் பதினெட்டு வீடுகள் எழுதிவிட்டன. ஒருவர் தெளிவில்லாத எண்ணை அடித்துத் திருத்திக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் கோர்னேல் மாமா கதவைத் தட்டினார். கட்டடத்தின் நிர்வாகி அவர்தான். கையில் என் தாள். நான்கு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

“முத்திரை இல்லாம எவன் ஒட்டினது இத? நானும் என் பாட்டுக்கு இருபத்தஞ்சுன்னு எழுதித் தொலைச்சேன்.”

“நான்தான் மாமா. மொத்தத்தையும் ஒருதரம் படிச்சுப் பாருங்க.”

படித்தார். கீழ்த்தளம் 25. முதல் மாடி 27. அக்லாயா அத்தை 23. எங்கள் மாடியில் 37, 37, 38, 36. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அத்தைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒரு கான்கிரீட் தளம்தான் இருந்தது, பதினான்கு டிகிரி வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை அதே நகராட்சி அதிகாரி வருகிறார் என்றார் மாமா. குடியிருப்பவர்கள் கூட்டம். வழக்கம்போல அடித்தளத்தில், துணி உலர்த்தும் அறையில். சாலைப் பக்கச் சுவருக்கு மட்டும் உறை போட்டு வண்ணம் அடிக்கப் போகிறார்களாம். என்ன வண்ணம் என்று நாம் முடிவு செய்ய வேண்டுமாம்.

கேளுங்கள் கொடுமையை. தலையில் தீப்பிடித்தவனிடம் சட்டைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

“கூட்டத்த எங்க வீட்டுல வைங்க மாமா” என்றேன்.

“இங்கயா? எடம் பத்துமா?”

“பத்தும். துதோரோட தொட்டில் இருந்த எடம் காலியாத்தான் இருக்கு.”

மாமா அந்த நான்கு தடங்களைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் வாசலில் அறிவிப்பு தொங்கியது: கூட்டம், வெள்ளி மாலை 5, வீடு எண் 18. பக்கத்தில் முத்திரை.

பதினான்கு பேர் வந்தார்கள். அதிகாரி கோட்டு போட்டு வந்தார். முதல் நிமிடத்தில் கோட்டைக் கழற்றினார். இரண்டாம் நிமிடத்தில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அப்பா கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, எதிரே சமையலறை ஜன்னலையும் திறக்கப் போனார். பாதிப் பேர் பதறிவிட்டார்கள். இரண்டு பக்கமும் திறந்தால் குறுக்குக்காற்று அடிக்கும். குறுக்குக்காற்று அடித்தால் காது வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிக்கொள்ளும். எங்கள் நாட்டில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவர் அக்லாயா அத்தைதான்.

அதிகாரி இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்று பீச் பழ நிறம், இன்னொன்று பிஸ்தா நிறம். இரண்டின் மேலும் அவர் வியர்வை சொட்டியது.

அக்லாயா அத்தை பிஸ்தா என்றார். கூரையைப் பற்றி அப்பா பேச்சை எடுத்ததும், கூரை மேல்மாடிக்காரர்கள் சமாச்சாரம், அதில் நாங்கள் ஏன் தலையிட வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே சால்வையை அவிழ்த்தார். பிறகு அதாலேயே விசிறிக்கொண்டார். எட்டாவது நிமிடத்தில் அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது.

“அந்தச் சமையலறை ஜன்னலத் தெறந்து தொலைங்களேன்” என்றார்.

அக்லாயா அத்தை வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. அப்பா ஓடிப்போய்த் திறந்தார். திறந்ததும் கீழேயிருந்து குப்பென்று அனல் வந்து அத்தையின் முகத்திலேயே அடித்தது.

“ஐயோ, இதென்ன சூடு?”

“உங்க ஏசிதான் அத்தை” என்றேன். “தெனமும் இப்படித்தான் வரும்.”

அத்தை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பிஸ்தாவைப் பற்றிப் பேசவில்லை.

கூரைக்கு இந்தத் திட்டத்தில் பணமில்லை என்றார் அதிகாரி. தெருவிலிருந்து தெரியும் சுவருக்கு மட்டும்தான் பணமாம். கூரை வேண்டுமென்றால், வீட்டுக்குள் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டியதாக அறிக்கை வேண்டுமாம். எங்கள் அறிக்கையில் இருபத்தாறு என்று இருக்கிறதாம்.

“தெருவுலேருந்து கூரை தெரியாதுதான் சார். வெயிலுக்கு நல்லாத் தெரியுது” என்றேன். அப்பா என் தோளை அழுத்தினார். நான் நிறுத்தவில்லை. “உங்க கருவி பையிலதானே இருக்கு. இங்க அளங்க.”

அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். பதினான்கு பேரும் அவர் பையைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கருவியை எடுத்தார். முப்பத்தெட்டு. கூட்டம் அதிகம், அதனால்தான் என்று ஆரம்பித்தார். கோர்னேல் மாமா என் தாளை அவர் முன்னால் வைத்து, அதன் மூலையில் டக்கென்று முத்திரை குத்தினார். “இதுல கூட்டம் இல்ல சார். இதையும் அறிக்கையோட சேத்துக்கங்க.”

அதிகாரி எழுதினார். எழுதி முடிக்கும்வரை கோர்னேல் மாமா வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கூரைக்கு உறை எப்போது வரும் என்று அப்பா கேட்டபோது, எப்படிப் பார்த்தாலும் அடுத்த வசந்தத்துக்குப் பிறகுதான் என்றார்.

அடுத்த வசந்தத்தில் துதோருக்கு நடக்கவே வந்துவிடும். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். கீழே சாலையோரம் வரிசையாக மரங்கள். எல்லா மரத்துக்கும் இடுப்பு உயரம்வரை வெள்ளை. ஒவ்வொரு மார்ச்சிலும் நகராட்சியும் நாங்களும் சேர்ந்து சுண்ணாம்பு அடிப்போம்.

“சார், மரத்துக்கெல்லாம் எதுக்கு வெள்ளை அடிக்கறீங்க?”

சுலபமான கேள்வி வந்ததில் அவருக்கு நிம்மதி. “வெயில் சூட்டுல பட்டை வெடிச்சுடும் பாப்பா. வெள்ளை அடிச்சா சூடு உள்ள ஏறாது.”

“மரத்துக்குச் சூடு ஏறக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு. என் தம்பிக்கு மட்டும் ஏறலாமா சார்?”

அதிகாரி வண்ண அட்டைகளை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

கோர்னேல் மாமாதான் முதலில் தொண்டையைச் செருமினார். உலர்த்தும் அறையில் அடுத்த மார்ச்சுக்கு வாங்கிய சுண்ணாம்பு நான்கு மூட்டை இருக்கிறது என்றார். மரம் பொறுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். மழை பெய்தால் கூரைச் சுண்ணாம்பு கரைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு அக்லாயா அத்தை, உப்பு சேர்த்தால் அவ்வளவு சீக்கிரம் போகாது, மழை பெய்தால் வீடு தானாகவே குளிர்ந்துவிடுமே, அப்புறம் என்ன என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பெரியவர்கள் கூரைக்குப் போனார்கள். என்னை மேலே விடவில்லை. நான் ஏணியடியில் நின்று வாளி வாளியாகக் கொடுத்தேன். அக்லாயா அத்தை மூன்று கிலோ உப்பும் ஒரு பெரிய ஜாடி எலுமிச்சைச் சாறும் கொண்டுவந்தார். அன்றிலிருந்து, எங்கள் ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் அவர் ஏசி ஓடவில்லை. பத்து மணிக்குள் கறுப்புத் தார் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

திங்கள் மாலை ஐந்து மணிக்கு வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. செவ்வாய் முப்பது. நான் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அப்பாவிடம் கேட்டார். பிறகு டாக்டரிடம் கேட்டார். பிறகுதான் டிக்கெட் எடுத்தார்.

இதற்கிடையில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் கூரை பரிசீலனையில் உள்ளது.’ பரிசீலிக்கட்டும். மாதாமாதம் கட்டம் போட்ட தாள் ஒன்று அவர்களுக்குப் போகும். அதற்கு கோர்னேல் மாமா முத்திரையையே என் கையில் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை துதோர் வந்தான். தொட்டிலை அதே நான்கு தடங்களின் மேல் வைத்தோம். பாலைக் குடித்தான், துணியை நனைத்தான். பிறகு கட்டடமே அதிரும்படி வீறிட்டு அழுதான். கீழேயிருந்து யாரோ கரண்டியால் தண்ணீர்க் குழாயில் டங் டங் என்று தட்டினார்கள். சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம். அக்லாயா அத்தைதான், வேறு யார்?

அந்தக் கோடையில் அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்குக் கோபமே வரவில்லை.