ஊதிக் கொடுத்த சான்றிதழ்

சாவி வினோலியாவின் கையில் இருந்தது. ஆனாலும் காருக்குள், ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெயில் பட்டு மினுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சித்திரை மாதத்து மதியம், மணி இரண்டே கால். வத்தலக்குண்டு ரோட்டில் தார் இளகி, லாரி டயர்கள் அதைப் பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்டது. பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை சூடாக வந்து பெட்ரோல் வாடையோடு கலந்து நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தாள். வெயில் இல்லை. விளக்குதான். பின்சீட்டில் அவள் மகள் கிளாரா, பள்ளிக்கூட லீவு விட்ட குஷியில் காலையிலிருந்து ஆடித் தீர்த்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். நான்கு ஜன்னல் கண்ணாடிகளும் இறக்கித்தான் இருந்தன. காற்று வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார் வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. அவள் கணவன் செபஸ்தியான் அதை வாடகைக்கு ஓட்டப் போவதாகச் சொல்லிக் கீரனூரில் யாரிடமோ சல்லிசாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். சல்லிசு என்றாலே அவனுக்குக் கண் தெரியாது. இரும்புக் குழாயை அகலமாக வளைத்து மாட்டிய சைலென்சர். ஸ்டார்ட் செய்தால் தெருநாய்கள் எழுந்து ஓடும்.

"பழைய சைலென்சரை மாத்துனவன் நடுவுல இருந்த வடிகட்டிய அறுத்து எறிஞ்சுபுட்டான். அதான் அந்த லைட்டு அணைய மாட்டேங்குது. வண்டிக்கு ஒண்ணுமில்ல வினோ," என்று சொல்லியிருந்தான் அவன். "நாளைக்கு எஃப்.சி.க்குக் காட்டணும். மெக்கானிக்கு பல்பைக் கழட்டிருவான். நீ புகை சர்டிபிகேட் மட்டும் போட்டு வையி. புரோக்கரைப் பாத்துட்டு செத்த நேரத்துல வாரேன்."

சர்டிபிகேட் போடுவதுதான் அவள் பிழைப்பு. பெட்ரோல் பங்கின் ஓரத்தில் தகர ஷெட். உள்ளே ஒரு டி.வி. பெட்டி அளவுக்குப் புகை மிஷின். அதிலிருந்து நீளும் ரப்பர் குழாயின் நுனியை சைலென்சருக்குள் செருகினால், எந்தப் புகை எவ்வளவு என்று சிவப்பு எண்கள் ஓடும். தினமும் காலையில் மிஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, குழாயின் நுனியை வாயருகே பிடித்து அவளே ஊதுவாள். கரியமிலவாயு என்ற இடத்தில் எண் நான்குக்கு ஏறும். மனித மூச்சென்றால் நான்கு. நன்றாக ஓடும் என்ஜின் என்றால் பதினான்குக்குப் பக்கம். விஷப்புகைக்குத் தனியாக ஒரு கட்டம். அதில் அரைக்கு மேல் போனால் வண்டி ஃபெயில்.

ஃபெயிலாகும் வண்டியை அவள் திருப்பி அனுப்பியதில்லை. எதற்கு வம்பு? குழாயைத் தன் வாயருகே பிடித்து நிதானமாக ஊதி, பட்டனை அழுத்திவிடுவாள். மனித மூச்சில் விஷப்புகை ஏது? அந்தக் கட்டம் பூஜ்ஜியம் காட்டும். பாஸ். ஊரில் பாதி வண்டிகள் வினோலியாவின் மூச்சில்தான் ஓடின என்று சொல்லலாம். சர்டிபிகேட்டை வாங்கிப் பார்க்கிறவர்கள் முத்திரையைப் பார்ப்பார்களே தவிர, எண்ணைப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்தக் காரில் தன் பிள்ளை போகும். அதனால் இன்று மட்டும் நிஜமாகப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. குழாயை இழுத்துவந்து அந்த அகலமான சைலென்சருக்குள் செருகினாள். என்ஜினைப் போடவில்லை. முதலில் எண்கள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

கரியமிலவாயு ஒன்று. இரண்டரை. நான்கு. அங்கே கொஞ்சம் தயங்கி, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. நான்கு. இறங்கியது. விஷப்புகைக் கட்டம் அசையவே இல்லை. மிஷினில் கோளாறு என்று குழாயை உருவினாள், எல்லாம் பூஜ்ஜியம். திரும்பச் செருகினாள். ஏறியது, தயங்கியது, இறங்கியது. அவசரமே இல்லாமல், நன்றாகத் தூங்குகிற ஒருவர் மூச்சு விடுகிற மாதிரி.  பயத்தை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், பழைய சர்டிபிகேட்டில் என்ன எண் இருக்கிறது பார்ப்போம் என்று முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து காகிதங்களை அள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள்.

சர்டிபிகேட் இருந்தது. போன புரட்டாசித் தேதி. அடியில் அவளுடைய முத்திரை, அவளுடைய கையெழுத்து. கரியமிலவாயு 4.1.

ஞாபகம் வந்தது. ஒல்லியான பையன். சைலென்சர் போட்ட சத்தத்தில் பெருமை தாங்காமல் நின்றான். காதைப் பொத்திக்கொண்டு ஊதிக் கொடுத்தாள்.

செபஸ்தியான் சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருந்த போன் மேசையில் அலறியது.

"ஏனுங்க, செபஸ்தியான் தம்பிங்களா?"

"அவரு வெளிய போயிருக்காரு. நான் அவரு வீட்டுல பேசுறேன்."

"கார் வித்த மொக்கைச்சாமிங்கம்மா, கீரனூரு." கிழவர் குரல். "ஒரு சங்கதி சொல்லாம உட்டுட்டனுங்க. மூணு நாளா மனசு கேக்கலீங்க. என்ற பையன் முகேஷ்குமாரு அந்தக் காருக்குள்ளாறதானுங்க போய்ச் சேந்தான்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஐப்பசி மழைங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெளிய நிறுத்திப்போட்டு, கண்ணாடிய ஏத்திட்டு, ஏசியப் போட்டுத் தூங்கியிருக்கான். அடியில எங்கியோ ஓட்டைங்க. புகை பூராத்தையும் உள்ளாற இழுத்துட்டான். நான் அன்னிக்கே கேட்டனுங்க, இம்புட்டுச் சத்தம் போடுதே, வண்டி நல்லாருக்குதான்னு. சர்டிபிகேட்டக் காட்டுனானுங்க. புகையே இல்லீன்னு போட்டிருக்குது பாருங்கப்பான்னான்."

வினோலியா கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தாள். அதை ஊதிக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன சொல்லி என்ன? இவ்வளவு நாளும் அது வெறும் காகிதம் என்றே நினைத்திருந்தாள்.

"அதுலிருந்து சாவி போடாமயே அந்த மஞ்ச வெளக்கு எரியுதுங்கம்மா. எரியறப்ப அதுக்குள்ளாற யாரையும் தூங்க மட்டும் உட்றாதீங்க."

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் ஏறியிருந்தன.

சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கதவுப் பூட்டில் திருகினாள். திரும்பவில்லை. அடுத்த கதவு. திரும்பவில்லை. "கிளாரா. ஏ கிளாரா, அம்மாவப் பாரு. எந்திரிடி." கண்ணாடியில் தட்டினாள், அறைந்தாள். பங்கில் ஆள் இல்லை. ஸ்டாக் இல்லை என்ற பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ரோட்டில் ஒரு தக்காளி லாரி நிற்காமல் போனது. உள்ளே மஞ்சள் விளக்கு. புகை இல்லை. என்ஜின் ஓடவில்லை. பிள்ளையின் கன்னம் மட்டும் வெயிலில் விளையாடிவிட்டு வந்தது போலச் சிவந்திருந்தது.

ஷெட்டிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துவந்து அடித்தாள். மூன்றாவது அடியில் கண்ணாடி பொடிந்து கொட்டியது. கையை விட்டுக் கதவைத் திறந்தாள். கை கிழிந்தது. தெரியவில்லை.

கிளாராவை மடியில் இழுத்துப் போட்டாள். உடம்பு சூடாக இருந்தது. கழுத்து துவண்டது. மூக்கருகே விரல் வைத்தாள்.

காற்று இல்லை.

மாதாவே. மாதாவே.

நிமிர்ந்தபோது ஷெட்டின் வாசல் வழியாக மிஷின் தெரிந்தது. எண் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு. இறங்கியது. ஏறியது. கிளாராவின் மூக்கில் இல்லாத மூச்சு அங்கே இருந்தது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளையின் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

எண் ஏறியது.

பிள்ளையின் மார்பு ஏறவில்லை.

ஊதினாள். நான்கு. மார்பு அசையவில்லை. ஊதினாள். இன்னும் ஆழமாக, அடிவயிற்றிலிருந்து, கண் இருட்டும் வரை ஊதினாள். நான்கு. நான்கரை. பிஞ்சு மார்பு அப்படியே கிடந்தது. நிறுத்தலாமா? நிறுத்தினால் எண் இறங்கியது. மூன்று. ஒன்றரை. எண் பூஜ்ஜியத்துக்குப் போனால் பிள்ளை போய்விடுமோ என்று தோன்றியது. மறுபடி குனிந்தாள். உதட்டில் கண்ணாடித் தூளும் ரத்தமும் கரித்தன. ஊதினாள்.

காருக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில், அந்த அகலமான சைலென்சர் அவள் ஊதுவதையெல்லாம் வாங்கி, நிதானமாக, வெதுவெதுப்பாக, வெளியே விட்டுக்கொண்டிருந்தது.