கடைசி வீட்டுப் பராதி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். குடிநீர்க் கமிட்டியின் பிரசிடெண்ட் கருணாகரன், அவர் மனைவி சத்யபாமா, மகனுடைய மனைவி லேகா, பம்பு ஓட்டும் சஜி. ஐந்தாவதாக ஒருத்தி வாசலில் நனைந்துபோய் நின்றாள் என்று சொல்பவர்கள் யாரும் அங்கே இருந்தவர்கள் அல்லர்.

துலாம் மாதத்து மழை, ஐப்பசி அடைமழை. விளக்கு வைக்கும் நேரம். கருணாகரன் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, லேகாவின் மடிக்கணினிக்கு எதிரே முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

அமரவிளைக்குத் தெற்கே அத்தனை வீடுகளுக்கும் அவருடைய அப்பா சொந்த நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கொடுத்தவர். அவர் வைத்த முறை ஒன்று உண்டு. எந்த வீட்டிலிருந்து பராதி, அதாவது புகார், வந்தாலும், பழுது தீர்ந்த பிறகு குடும்பத்துப் பெரியவர் நேரில் போய், அந்த வீட்டுக் குழாயில் பிடித்த ஒரு டம்ளர் தண்ணீரை வீட்டார் கண்முன்னே குடிக்க வேண்டும். குடித்தால்தான் பராதி மூடும். பராதிகளைப் பதிய லேகா செய்துகொடுத்த ஆப் வந்த பிறகும் அந்த முறை மாறவில்லை.

இப்போது பஞ்சாயத்து திட்டத்தை எடுத்துக்கொண்டு, புதிய தொட்டிக்கு அப்பாவின் பெயரை வைக்கப் போகிறது. அதற்கு முன்னால் இதுவரை வந்த பராதிகள் முழுவதும் எக்ஸலில் திறக்கிற ஒரே ஃபைலாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் விசாரணை. விசாரணை வந்த குடும்பத்தின் பெயரை யாரும் தொட்டியில் எழுத மாட்டார்கள்.

“ஒண்ணு மட்டும் திறந்து கெடக்கு மாமா,” என்றாள் லேகா. “சரோஜம் அக்காக்க பராதியாக்கும்.”

“அவதான் செத்தாச்சுல்லா. மூடு மக்கா.”

“கொழாய் வெள்ளம் நாறுதுண்ணு எத்தன மட்டம் ஃபோனுல விளிச்சு அழுதா. பேதி பிடிச்சுக் கெடந்தப்பவும் விளிச்சா.”

“எலே சஜி, பைப்பு மாத்தினதில்லியா?”

“மாத்தியாச்சு சாரே. அவள எடுத்ததுக்குப் பெறவு.” சஜி தலையைச் சொறிந்தான். “ஊருல எல்லா வீட்டு வெள்ளமும் சாருக்க வயித்துல கெடக்கு. அந்த ஒரு டம்ளரு மட்டுந்தான் பாக்கி.”

கருணாகரன் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பை விழுங்கினான். சரோஜம் இருந்தது வாய்க்காலுக்குக் கீழே, குழாய் முடிகிற கடைசி வீடு. அந்த வீட்டில் கை நனைக்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. பழுது தீர்ந்தால் அவர் போய்க் குடிக்க வேண்டும்; குடிக்க அவருக்கு மனமில்லை. அதனால் அவள் சாகும்வரை பழுது பார்க்கவே ஆள் போகவில்லை.

“நீங்க குடிச்சதுண்ணு நான் எழுத மாட்டேன் மாமா. அது கள்ளமில்லியா?”

அவர் மடிக்கணினியைத் தம் பக்கம் இழுத்தார். தம் பெயரிலேயே, தம் விரலாலேயே மூடினார். பிறகு லேகா எக்ஸ்போர்ட் பண்ணி ஃபைலைத் திறந்தாள்.

எழுத்தெல்லாம் உடைந்து, புழு நெளிவதுபோல அர்த்தமில்லாத குறிகளாக வரிவரியாகக் கிடந்தது. “இது சாதாரணம்,” என்றாள் லேகா. “எழுத்து மொறய மாத்தித் திறந்தா சரியாவும்.” ஆனால் ஒரு வரி மட்டும் உடையவில்லை. சரோஜம். கடைசி வீடு. வெள்ளம் நாறுது. நிலை: திறந்தது.

மறுபடி மூடினார். மறுபடி ஃபைல் வந்தது. ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், அடுக்களைக் குழாயில் காற்று இருமி இருமித் தண்ணீரை மேலே இழுக்கிற சத்தம், அவர் காதுக்கு எட்டியது. கூடவே, நாள்பட மூடிக்கிடந்த பானையைத் திறந்ததுபோல ஒரு சேற்று வாடை தரையோடு தரையாக வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டது.

“பம்ப அணைக்கல்லியா?”

“பம்பு ஓடல்ல சாரே,” என்றான் சஜி. இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

திரையில் சரோஜத்தின் வரி நீண்டிருந்தது. பராதியில் கமா வந்தால் எக்ஸல் மீதியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும் என்று லேகா சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். குடிச்சுப் பாருங்க, குடிச்சுப் பாருங்க, குடிச்சுப் பாருங்க. கட்டம் கட்டமாக, திரைக்கு வெளியே, வலது பக்கம் முடிவில்லாமல்.

“நான் இத அடிக்கல்ல மாமா.”

வாசலில் சொட்டுச் சத்தம். ஈரப் பாதம் சிமெண்டில் ஒட்டிப் பிரிகிற சத்தம். கருணாகரன் திரும்பவில்லை. பயந்து திரும்பிப் பார்ப்பது அவர் குடும்பத்தில் யாருக்கும் வழக்கமில்லை. நேரே பார்த்தார். எதிரே அவருடைய வெள்ளி டம்ளர். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய சிவந்த தண்ணீர்தான் அதில் எப்போதும் இருக்கும்.

இப்போது அதில் நிறமில்லை.

“இத ஆரு வச்சா?”

“நான் வைக்கல்ல,” என்றாள் சத்யபாமா. அவள் கண் அவர் தோளுக்குப் பின்னால் நின்றது. “ஒண்ணு குடிச்சுக் குடுத்துருங்க. கேக்குதுல்லா.”

குடிப்பதில்லை என்றுதான் அவர் நினைத்தார். கை எழுந்தது. விளிம்பு பல்லில் இடித்தது. குளிர். சேறு. நாக்கில் ஒரு முடி. விழுங்கினார். இன்னொரு வாய். இன்னொன்று. டம்ளர் குறையவில்லை. உதடு பிரியவில்லை. மூச்சு விட இடமில்லை. லேகா கையைப் பிடித்து இழுத்தாள். கை அசையவில்லை.

தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. திரையில் அந்த ஒரு வரி. நிலை: திறந்தது.

கருணாகரன் அந்த மழையில் வாய்க்காலுக்குக் கீழே இறங்கி, சரோஜத்தின் வீட்டில் தண்ணீர் குடித்துத்தான் செத்தார் என்று அமரவிளையில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட இன்றுவரை அந்த வீட்டில் கை நனைத்ததில்லை.