அந்தக் கையையும் குடுங்க

கிளினிக் டெலிபோன் அலறியது.

நர்ஸ் கையை நீட்டினாள்... பாதியில் நிறுத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்தவனின் கத்தி அவள் விலாவைத் தொட்டது.

"எடுக்காத."

மணி அடித்து ஓய்ந்தது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். ஜன்னல் முழுக்கக் கம்பி. கதவைப் பூட்டிய சாவி அவன் பேன்ட் பாக்கெட்டில்.

வசமாக மாட்டிக்கொண்டாள்.

எல்லாம் பாழாய்ப்போன கண்ணால் வந்த வினை. குக்கர் ஆவி அடித்துவிட்டதாக இரண்டு கையையும் நீட்டியபடி வந்தான். பாவமாகத்தான் இருந்தது. வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கையை நெடுநேரம் காட்டச் சொன்னாள். அப்போதுதான் பார்த்தாள்... புருவம் கருகியிருந்தது. கை முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது.

ஆவி தோலை வேகவைக்கும். முடியைப் பொசுக்காது. அதற்கு நெருப்பு வேண்டும். சட்டையில் பெட்ரோல் வாடை வேறு!

காலையில் அடுத்த தெருவில் ஒரு வீடு எரிந்து, உள்ளே ஒரு பெண் செத்துப்போனது ஊருக்கே தெரியும்.

அவள் முகம் மாறியது. அவன் கத்தியை உருவி, கதவிலேயே தொங்கிய சாவியால் பூட்டினான்.

"கட்டு போடு. போட்டதும் கெளம்பிடுவேன்."

"என்னை என்ன பண்ணுவீங்க?"

கத்தி முனை இன்னும் அழுந்தியது. ஸ்கூல் விட்டு வரும் மகள் அவள் மனசில் வந்து நின்றாள்.

வலது கையில் ஈரத்தை ஒற்றினாள். கொப்புளத்தை உடைக்காமல் மருந்து தடவி, விரல்களுக்கு நடுவே துணி வைத்தாள். அடுத்து ஒவ்வொரு விரலாகச் சுற்றுவதுதான் வழக்கம்.

ஒரு கணம் யோசித்தாள்... கட்டைவிரலையும் சேர்த்து மொத்தமாகச் சுற்றினாள்.

"ஏன் இவ்ளோ பெருசா?"

"காத்து பட்டா எரியுங்க."

கத்தி இடது கைக்கு மாறியிருந்தது.

"அந்தக் கையையும் குடுங்க. அதுதான் ரொம்ப மோசமா இருக்கு."

தயங்கினான். வலி ஜெயித்தது. கத்தி மடிக்கு வந்தது.

சுற்றினாள்... சுற்றினாள்... முடிச்சுப் போட்டாள்.

அவன் கத்தியை எடுக்கப் போனான். உருண்டைக் கை பட்டு அது தரையில் விழுந்தது. அவள் காலால் பீரோவுக்கடியில் தள்ளினாள்.

சாவியாவது? பாக்கெட்டுக்குள் கை நுழையவே இல்லை. கதவை ஓங்கிக் குத்தினான். வலியில் உயிர் போக, அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அவள் நிதானமாகப் போலீஸுக்கு டயல் செய்தாள்.

டாக்டரின் மாற்றுச் சாவியோடு உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"விலங்கு எங்கம்மா மாட்டறது? மணிக்கட்டையே காணோமே."

"நானே மாட்டிட்டேன் சார். எங்க டிபார்ட்மென்ட்ல அது வெள்ளைக் கலர்."